பால்வீதித் தோட்டம்: வீட்டிலேயே செய்து ஆடும் எஞ்சின் ஆட்டம்

தோட்டத்தில் பால் என்றால் கித்தாப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால். அண்ணாந்து பார்த்தால் பால்வீதி. இரண்டு பாலையும் ஒன்றாகக் கலந்தால் ஓர் ஆட்டம் கிடைக்கிறது. ஆளுக்கு ஆறு நிரை, அதாவது மரவரிசை, நிரைக்கு ஓர் எண். பகடையில் எந்த எண் விழுகிறதோ அந்த நிரையில் பால் வெட்டலாம். வெட்டிய பாலைக் கொடுத்து நிலாவும் கோளும் விண்மீனும் வாங்கி அதே நிரைகளில் நடலாம். நட்டது அடுத்த வெட்டில் இன்னும் கூடுதலாகத் தரும். 15 புள்ளியை யார் முதலில் தொடுகிறாரோ, அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும்.

இந்த வகை ஆட்டங்களை எஞ்சின் கட்டும் ஆட்டம் என்பார்கள். இன்று கையில் இருப்பதைக் கொண்டு நாளை அதிகம் தருவதை வாங்குவதுதான் இதன் உயிர். 2012-இல் வந்த மச்சி கோரோ, 2014-இல் வந்த ஸ்ப்லெண்டர் இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. கித்தாக் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பார்கள். இங்கே அந்தக் காத்திருப்பு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான் வேறுபாடு.

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து ஈப்போவுக்குப் போய் இப்படி ஒரு பெட்டி ஆட்டம் வாங்கினால் பெரும்பாலும் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும். கீழே உள்ளதை ஒரு பிற்பகலில், வீட்டுச் சாமானை வைத்தே செய்துவிடலாம். ஏழு வயதுக்கு மேல், இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். அரை மணியில் இருந்து முக்கால் மணி பிடிக்கும்.

முதலில் சாமான்

ஏ4 அளவு தடித்த அட்டைத் தாள் வேண்டும். புத்தகக்கடையில் 160 முதல் 200 ஜிஎஸ்எம் என்று கேளுங்கள். ஓர் அட்டையின் அளவு 6.3 செ.மீ. அகலம், 8.8 செ.மீ. உயரம். ஏ4 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒன்பது அட்டை சரியாக வரும். நமக்குத் தேவை 36, ஆகவே நான்கு தாள் போதும். நிலாவுக்கு மஞ்சள், கோளுக்கு நீலம், விண்மீனுக்குச் சிவப்பு என மூன்று நிறத் தாள் வாங்கினால் நிறத்துக்கு இரண்டாக ஆறு தாள் ஆகும். செலவு சற்றுக் கூடினாலும் நிறத்தாளையே வாங்குங்கள். சின்னப் பிள்ளை எழுத்தைப் படிக்காமலே அட்டையை இனம் கண்டுகொள்ளும்.

ஆடுபவர் பலகைக்கு இரண்டு ஏ3 தாள். ஒவ்வொன்றையும் நீளவாட்டில் பாதியாக வெட்டினால் 42 செ.மீ. நீளமும் கிட்டத்தட்ட 15 செ.மீ. உயரமும் உள்ள நான்கு பலகை கிடைக்கும்.

பாலுக்கு 60 கொட்டை. மஞ்சாடி, அதாவது மலாயில் சாகா என்கிறார்களே, அந்தச் சிவப்பு விதை இதற்கு மிக நல்லது. மரத்தடியில் பொறுக்கலாம், கெட்டியானது, வண்டு அரிக்காது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கறுப்புக் கண்ணோடு இருக்கும் குன்றிமணி வேறு, அது கொடிய நஞ்சு. கறுப்புப் பொட்டு இருந்தால் அந்த விதையைத் தொடவே வேண்டாம். முழுச் சிவப்பு மட்டும் எடுங்கள். மஞ்சாடி கிடைக்காவிட்டால் மொச்சைக் கொட்டை போதும். தட்டையாக இருப்பதால் உருளாது, ஆனால் நன்றாக வெயிலில் காயவைத்து மூடி இறுகும் போத்தலில் வைக்காவிட்டால் இரண்டு மாதத்தில் பொடியாகிவிடும். பக்கத்து மலாய்க்கார வீட்டில் சொங்காக் (பல்லாங்குழி போன்ற ஆட்டம்) பலகை இருந்தால் இன்னும் சுலபம். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு என அதில் 98 காய் இருக்கும்.

இவற்றோடு நான்கு சட்டைப் பொத்தான், சைடினா (மொனோபொலி போன்ற ஆட்டம்) அல்லது பாம்பு ஏணிப் பெட்டியில் இருந்து இரண்டு பகடை, ஒரு கித்தாக் கொட்டை. இப்போது எங்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டதால் கித்தாக் கொட்டைக்குச் சற்று அலைய வேண்டியிருக்கும். அது முதலில் ஆடுபவர் முன்னால் வைக்கும் அடையாளம். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தம்பியின் கையில் சூடு வைக்கத்தான் அதைப் பிள்ளைகள் எடுப்பார்கள், கண் வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகக் கடிக்கவும் விடக்கூடாது.

தாயக்கட்டையைப் பகடையாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு நான்கு முகம்தான், இங்கே ஆறு எண்ணும் வேண்டும். களிமண்ணில் செய்த பகடையும் வேண்டாம். ஒரு பக்கம் கனத்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப விழும், ஆட்டமே சாய்ந்துவிடும்.

பலகை வரைதல்

மேல் ஓரத்தில் 2 செ.மீ. அகலத்தில் 20 கட்டம் போட்டு, 0 முதல் 19 வரை எழுதுங்கள். இது புள்ளி ஏணி, பொத்தான் 0-இல் நிற்கும். அதற்குக் கீழே 6.5 செ.மீ. அகலத்தில் ஆறு பத்தி, இவைதான் நிரைகள். இடமிருந்து 1, 2, 3, 4, 5, 6 என்று பெரிதாக எழுதுங்கள். 1, 2, 3 சிறு நிரை, அவற்றின் கீழ் '1 பால்' என்று எழுதவும். 4, 5, 6 பெரு நிரை, அவற்றின் கீழ் '2 பால்'. ஓர் அட்டையும் நடாமலே இந்த அளவு பால் எப்போதும் வரும்.

வலது ஓரத்தில் மிஞ்சும் 3 செ.மீ. இடத்தில் ஒரு மங்கு, அதாவது கித்தாப் பால் பிடிக்கும் கிண்ணம், வரைந்து உள்ளே 12 என்று எழுதுங்கள். யார் கையிலும் 12-க்கு மேல் பால் நிற்காது. மேலே வந்தது வழிந்து பொதுக் குவியலுக்கே போகும். பிள்ளைகளுக்கு இந்த விதிதான் முதலில் மனதில் பதியும், மங்கு நிரம்பினால் வழியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டை எழுதுதல்

எழுத்து, எண் எல்லாம் அட்டையின் மேல் 2.5 செ.மீ. பகுதிக்குள் அடங்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுவார்கள். நிரையில் ஓர் அட்டையின் மேல் அடுத்ததை வைக்கும்போது முந்தையதன் தலை மட்டும்தான் வெளியே தெரியும். எண்ணை நடுவில் எழுதிவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டிவரும். படம் கீழே இருக்கட்டும்.

நிலா 12. ஒவ்வொரு நிரை எண்ணுக்கும் இரண்டு நிலா. எண் எழுதிய நிரையில்தான் அதை நடலாம். விலை 4 பால். 3, 6 ஆகிய எண்களுக்கு மட்டும் 3 பால். வெட்டு விழுந்தால் சிறு நிரையில் 1, பெரு நிரையில் 2 பால் தரும். பெயர்கள்: நம் நிலா, ஐஓ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ, டைட்டன், என்செலடஸ், மிமாஸ், மிராண்டா, டிரைட்டன், ஃபோபோஸ், டெய்மோஸ்.

கோள் 12. இதற்கு நிரை எண் இல்லை, நிலா நட்ட எந்த நிரையிலும் அதன் மேல் வைக்கலாம். வெட்டு விழுந்தால் சிறு நிரையில் 2, பெரு நிரையில் 4 பால். புதனில் இருந்து நெப்டியூன் வரை எட்டும் 7 பால், வாங்கியதுமே 1 புள்ளி. மீதி நான்கும் குறுங்கோள்: புளூட்டோ, சீரீஸ், ஏரிஸ், ஹௌமியா. இவற்றின் விலை 5 பால், புள்ளி கிடையாது. 2006-இல் புளூட்டோ கோள் பட்டியலில் இருந்து இறங்கிய கதையைச் சொன்னால், புள்ளி ஏன் இல்லை என்று எந்தப் பிள்ளையும் மறுபடி கேட்காது.

விண்மீன் 12. விலை 12 பால், அதாவது ஒரு மங்கு முழுக்க. கோள் இருக்கும் நிரையில் அதன் மேல் மட்டுமே வைக்கலாம். வாங்கியதும் 2 புள்ளி. பிறகு வெட்டு விழும்போதெல்லாம் சிறு நிரையில் 1, பெரு நிரையில் 2 புள்ளி. இதற்கு நம்மிடமே பெயர் நிறைய இருக்கிறது: சூரியன், கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம், அருந்ததி, அகத்தியர், துருவன். வண்ணம் தீட்டும்போது உண்மை நிறத்தையே கொடுங்கள். கேட்டையும் திருவாதிரையும் செந்நிறம், ரோகிணி செம்மஞ்சள், சித்திரையும் மகமும் நீலம் கலந்த வெள்ளை. கார்த்திகை ஒற்றை மீன் அல்ல, கூட்டம், அதனால் ஆறேழு புள்ளியாக வையுங்கள். ஆடி முடித்து வாசலுக்கு வந்தால் பாதியையாவது நேரில் காட்டலாம். துருவனைத் தேட வேண்டாம். சுங்கை சிப்புட்டில் அது தொடுவானத்துக்கு மேல் ஐந்து பாகைதான் எழும், செம்பனை மரங்கள் மறைத்துவிடும்.

மொத்தத்தில் ஒரு நிரையில் நிலா, கோள், விண்மீன் என மூன்றே அட்டை, அதே வரிசையில். நிலா இல்லாமல் கோள் இல்லை, கோள் இல்லாமல் விண்மீன் இல்லை. இந்த வரிசையைத் தளர்த்திவிடாதீர்கள். தளர்த்தினால் முதல் சுற்றில் இருந்தே எல்லாரும் விண்மீனுக்குச் சேர்த்துவைப்பதே வெல்லும் வழியாகிவிடும், எஞ்சின் கட்ட ஆள் இருக்காது.

பரப்புதல்

பாய் விரித்துத் தரையில் ஆடுவது நல்லது. பலகையும் அதன் கீழே சரிந்து இறங்கும் அட்டைகளும் சேர்த்து ஆளுக்கு 42 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் பிடிக்கும், சாப்பாட்டு மேசையில் நான்கு பேருக்கு இடம் போதாது. காற்றாடியை ஒன்றாம் எண்ணுக்குக் குறைத்துவிடுங்கள். அட்டை பறந்தால் யாருடைய நிரையில் எது இருந்தது என்று சண்டை வரும். பகடையை மைலோ டின் மூடிக்குள் வீசினால் அலமாரிக்கு அடியில் ஓடாது.

எல்லா அட்டையும் நடுவில் முகம் தெரிய, வகை வாரியாக. குலுக்கலும் இல்லை, மறைப்பும் இல்லை. இரண்டு பேர் மட்டும் ஆடினால் ஒவ்வோர் எண்ணிலும் ஒரு நிலாவை எடுத்து வைத்துவிடுங்கள், ஆறு நிலா போதும். இல்லாவிட்டால் நிலாவுக்குப் போட்டியே இருக்காது. ஆளுக்கு 4 பால் கொடுங்கள். வயதில் சிறியவர் முன் கித்தாக் கொட்டை, அவரே முதலில்.

ஒரு முறை எப்படிப் போகும்

இரண்டு பகடையையும் வீசுங்கள். விழுந்த எண்களில் சிறியதை உரக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பலகையில் அந்தச் சிறிய எண் நிரையில் வெட்டுவார்கள். அவர்கள் எடுத்து முடித்த பிறகு, வீசியவர் இரண்டு எண்ணிலும் வெட்டுவார். இரண்டும் ஒரே எண் என்றால் வீசியவருக்கு அந்த நிரை இரண்டு முறை, மற்றவர்களுக்கு ஒரு முறை.

இரட்டை விழுந்தால் வால்நட்சத்திரமும் வரும். அந்த நேரத்தில் யாருக்குப் புள்ளி ஆகக் குறைவோ அவருக்கு 3 பால். இரண்டு பேர் சமமாகக் கடைசி என்றால் இருவருக்கும். எல்லாரும் சமம் என்றால் யாருக்கும் இல்லை.

கடைசியாக, வீசியவர் ஓர் அட்டை வாங்கலாம். ஒன்றுதான். வாங்க விருப்பமில்லை அல்லது முடியவில்லை என்றால் 2 பால் எடுத்துக்கொண்டு பகடையை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

பாட்டி, அக்கா, தம்பி மூவரும் ஆடுகிறார்கள் என்று வைத்து ஒரு சுற்றைப் பார்ப்போம். பழக்கத்துக்காகப் பாட்டி தொடங்கட்டும். அவருக்கு 2-உம் 5-உம் விழுகிறது. "ரெண்டு!" என்கிறார். அக்காவும் தம்பியும் இரண்டாம் நிரையில் ஆளுக்கு 1 எடுத்து 5 ஆகிறார்கள். பாட்டிக்கு இரண்டில் 1, ஐந்தில் 2, ஆக மொத்தம் 7. நாலாம் நிரைக்கு யூரோப்பாவை 4 கொடுத்து வாங்கி நடுகிறார், கையில் 3.

அக்காவுக்கு 4-உம் 4-உம். மற்றவர்கள் நாலாம் நிரையில் வெட்ட வேண்டும். தம்பிக்கு 2, அவன் 7. பாட்டி பேசாமல் இருக்கிறார்.

"பாட்டி, ஒங்களுக்கு நாலு பாலு. பலகையில ரெண்டு, யூரோப்பாவுல ரெண்டு."

"என் முறை இல்லையேடா?"

"மத்தவங்க வீசினாலும் ஒங்க மரம் பாலு குடுக்கும் பாட்டி."

பாட்டி 7 ஆகிறார். அக்கா நாலாம் நிரையில் இருமுறை வெட்டி 9. எல்லாருக்கும் புள்ளி 0 என்பதால் வால்நட்சத்திரம் சும்மா கடந்துபோகிறது. கோள் வாங்க 9 பால் இருக்கிறது, ஆனால் நட நிலா இல்லை. எனவே ஒன்றாம் நிரைக்கு ஒரு நிலா, கையில் 5. தம்பிக்கு 1-உம் 6-உம். பாட்டிக்கு 1, அவர் 8. அக்காவுக்கு அந்த நிலாவோடு சேர்த்து 2, அவர் 7. தம்பி 3 எடுத்து 10. நாலாம் எண்ணின் கடைசி நிலாவை அவன் வாங்கிவிட்டான், இனி அக்காவுக்கு அந்த நிரையில் ஒன்றும் நட முடியாது. அடுத்து வீசப்போகும் பாட்டியிடம் 8 இருக்கிறது. எந்த எண் விழுந்தாலும் செவ்வாயையோ வியாழனையோ வாங்கி யூரோப்பா மேல் வைத்துவிடலாம்.

பாட்டி கேட்ட அந்தக் கேள்விதான் எல்லாப் புதியவரும் இடறும் இடம். தன் முறை முடிந்ததும் கவனம் போய்விடுகிறது, வர வேண்டிய பால் வராமல் போகிறது. அதனால்தான் சிறிய எண்ணை உரக்கச் சொல்வதும், மற்றவர்கள் முதலில் எடுப்பதும். இந்த வரிசையை மாற்றி வீசியவர் முதலில் எடுத்தால், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

எந்த நிரையில் நடுவது

இரண்டு பகடைக்கு 36 வகை விழுகை உண்டு. சிறிய எண்ணாக 1 வருவது அவற்றில் 11, 2 வருவது 9, 3-க்கு 7, 4-க்கு 5, 5-க்கு 3, 6-க்கு 1 மட்டுமே. அதாவது மற்றவர் முறையில் ஒன்றாம் நிரை அடிக்கடி பால் தரும், ஆறாம் நிரை ஏறக்குறைய தூங்கும். உங்கள் சொந்த முறையில் எல்லா எண்ணும் சமம், 36 முறைக்கு 12 வெட்டு.

இதைக் கூட்டிப் பார்த்தால் ஆட்டத்தின் சூட்சுமம் தெரியும். இரண்டு பேர் ஆடும்போது, 36 சுற்றில் ஒன்றாம் நிரைக்குச் சராசரியாக 23 வெட்டு, வெட்டுக்கு 1 வீதம் 23 பால். ஆறாம் நிரைக்கு 13 வெட்டுதான், ஆனால் வெட்டுக்கு 2 என்பதால் 26. ஆறு முந்துகிறது. நான்கு பேர் என்றால் கதை மாறிவிடும்: ஒன்றாம் நிரைக்கு 45, ஆறாம் நிரைக்கு 30. நாலாம் நிரை எப்போதும் முதலிடம், நான்கு பேரில் 54. ஆகவே இரண்டு பேர் என்றால் 4, 5, 6 பக்கம் சாயுங்கள். நான்கு பேர் என்றால் 4-ஐயும் 1-ஐயும் பிடியுங்கள். 3-உம் 6-உம் மாறி மாறிப் பின்தங்குவதால்தான் அவற்றின் நிலா ஒரு பால் மலிவு.

முதல் ஆட்டத்தில் பலர் நிலாவாகவே வாங்கிக் குவிப்பார்கள். மலிவாக இருக்கிறது, ஆறு நிரையும் நிரம்பி அழகாகவும் இருக்கும். ஆனால் நிலாவில் புள்ளியே இல்லை. ஒரு முறைக்கு ஓர் அட்டைதான் என்பதால் நிலாவில் செலவான ஒவ்வொரு முறையும் கோள் வாங்காமல் போன முறை. ஒரு நிலா, உடனே அதன் மேல் ஒரு கோள், பிறகுதான் இரண்டாவது நிலா. இந்த நடை புதியவருக்குப் பாதுகாப்பானது. மூன்று பேர் இப்படி ஆடினால் நாலாவது சுற்று வாக்கில் முதல் விண்மீன் வரும், ஒன்பதாம் சுற்றை ஒட்டி ஆட்டம் முடியும்.

மங்கு வழியாமல் பார்ப்பது அடுத்தது. 10 பால் வைத்துக்கொண்டு விண்மீனுக்காக ஒரு முறை சும்மா இருந்தால் 12 ஆகிவிடும். அதன் பின் உங்கள் முறை திரும்பும் வரை வருவதெல்லாம் வழிந்தோடும். ஒரு கோளோ குறுங்கோளோ வாங்கிவிட்டு ஒரு சுற்று கழித்து விண்மீனுக்கு வருவது பெரும்பாலும் மேல். குறுங்கோளைப் புள்ளி இல்லையென்று ஒதுக்கவும் வேண்டாம். 2 பால் மிச்சம், பால் தருவதோ மற்றக் கோள் அளவுக்கே. தொடக்கத்தில் அது நல்ல வியாபாரம், கடைசி இரண்டு சுற்றில் வீண்.

முடிப்பு

யாராவது 15-ஐத் தொட்டால், அது அடுத்தவர் முறையில் தொட்டாலும் சரி, எல்லாருக்கும் சம முறை கிடைக்கும் வரை சுற்றை ஓட்டுங்கள். கித்தாக் கொட்டை வைத்திருப்பவருக்கு முந்தைய ஆளோடு முடியும். அதிகப் புள்ளிக்கே வெற்றி, சமமானால் மங்கில் அதிகப் பால் உள்ளவருக்கு. 19-ஐத் தாண்டினால் பொத்தானை 0-க்குக் கொண்டுவந்து மேலே எண்ணுங்கள்.

ஏழு வயதுப் பிள்ளையோடு முதன்முறை ஆடும்போது குறுங்கோளையும் வால்நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு 10 புள்ளிக்கு ஆடலாம். ஒரு பெரியவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாலை எண்ணிக் கொடுக்கட்டும், எதை வாங்குவது என்று மட்டும் சொல்ல வேண்டாம். இரண்டாம் ஆட்டத்தில் முழு விதிக்கு வந்துவிடலாம்.

பெட்டியில் போடும் முன் மஞ்சாடியை எண்ணுங்கள். 60 இல்லையென்றால் பாயை உதறிப் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை அன்றிரவே செய்துவிடுங்கள். அட்டைகளை நிற வாரியாக ரப்பர் பேண்டு போடாமல் பழைய உறையில் வையுங்கள். ரப்பர் பேண்டு ஓரத்தை வளைத்துவிடும், வளைந்த அட்டை நிரையில் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி நிற்காது.